நான் கை கட்டாமல் நிற்பதற்குக் காரணம்

போன மாதம் ஒரு நாள் லுஹர் தொழுகையில் எனக்குப் பக்கத்தில் நின்றவன், அரபு நாட்டிலிருந்து லீவில் வந்திருந்தவன், தொழுகை முடிந்ததும் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டான்.

“மாமா, கைய நெஞ்சுக்குக் கீழ கெட்டித் தொழணும். ஒமக்கு இத்தன வயசாச்சு, இது தெரியாதா?”

“தோளு வலியாக்கும் மக்கா” என்றேன்.

“முப்பது வருசமாட்டா தோளு வலி?”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன். எங்கள் குளச்சலில் ஒருவனுக்குத் தோள் வலி என்றால் எண்ணெய் சொல்ல நாற்பது பேர் வருவார்கள். அத்தனை எண்ணெயையும் நான் தேய்த்துப் பார்த்தாகிவிட்டது. வலி இருந்தால்தானே போகும்? இதற்கு முன்னால் கேட்டவர்களிடம் “கப்பலில் பழகிவிட்டது” என்றேன். அதற்கும் முன்னால் கேட்டவர்களிடம் எரிந்து விழுந்தேன். ஒவ்வொருவருக்கும் ஒரு பொய் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. எழுதியே வைத்துவிடுகிறேன். நான் எழுதிப் பழகியவன் இல்லை. என் வாழ்நாளில் போட்ட கையெழுத்தில் பாதி இன்னொருவன் பெயரில் போட்டது.

என் தொழில் சமையல். அந்தக் காலத்தில் குளச்சலில் தேங்காய்த் தும்பும் தாது மணலும் ஏற்ற ஆவிக்கப்பல்கள் வரும். கரைக்கு வராமல் தூரத்திலேயே நங்கூரம் போட்டு நிற்கும். வள்ளத்தில் மூட்டை கொண்டுபோய் ஏற்றுகிற வேலையில் இருந்தேன். வாப்பா மௌத்தான பிறகு, இரண்டு தங்கச்சிகளையும் உம்மாவையும் விட்டுவிட்டு, பம்பாயில் இருந்த ஒரு உறவுக்காரரின் தயவில் கப்பல் பண்டாரிக்கு, அதாவது சமையற்காரருக்கு, எடுபிடியாகச் சேர்ந்தேன். நாலு வருடம் வெங்காயம் உரித்தேன். புயலில் அடுப்பு அணையாமல் சோறு வடிக்கக் கற்றேன். அதற்கு மேல் அந்த நாலு வருடத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் பாதியில் ஒரு குளிர்காலத்தில் கப்பல் நியூயார்க் போய்ச் சேர்ந்தபோது எனக்குக் கடுமையான காய்ச்சல். என்னைத் துறைமுக ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டுக் கப்பல் போய்விட்டது. குணமானதும் வேறு கப்பலில் ஏற்றி அனுப்புவதாகச் சொன்னார்கள். அந்த நாட்டுச் சட்டத்தில் இந்தியாக்காரனுக்கு உள்ளே வர வழி இல்லை. வந்த கப்பலிலோ அடுத்த கப்பலிலோ திரும்பிவிட வேண்டும்.

அடுத்த கட்டிலில் இத்ரீஸ் இருந்தான். மொராக்கோக்காரன். ஓட்டல் சமையலறையில் கொதிக்கும் எண்ணெய் கொட்டிக் கை வெந்துபோய் வந்திருந்தான். முறையாகக் காகிதம் வாங்கி அந்த நாட்டுக்குள் வந்தவன். என்னைவிட ஒரு வயது குறைவு, அதே உயரம், அதே நிறம், அதே மெலிவு. நான் ஸலாம் சொன்னதும் எழுந்து உட்கார்ந்துவிட்டான். இருவருக்கும் பொதுவாக இருந்தது கொஞ்சம் கப்பல் இங்கிலீஷ்தான். அதை வைத்துக்கொண்டே அவன் ஊரும் கடற்கரை, அங்கேயும் சாளை மீன்தான் ஏழைக்குச் சாப்பாடு, அவனுக்கும் வாப்பா இல்லை என்பதெல்லாம் தெரிந்துகொண்டேன்.

“ஏன் திரும்பிப் போகிறாய்? பாத்திரம் கழுவுகிறவனிடம் யாரும் காகிதம் கேட்பதில்லை” என்றான்.

அவன் சொன்னதைக் கேட்டேன். குணமானதும் கப்பலுக்குப் போகாமல் அவன் அறைக்குப் போனேன்.

துறைமுகத்துப் பக்கம் ஒரு தெருவில் நாலாவது மாடி. ஒரே ஜன்னல், திறந்தால் எதிர் வீட்டுச் சுவர். முதல் பனியில் என் காது போய்விட்டது என்றே நினைத்தேன். நிலத்துக்கு அடியில் ஓடுகிற ரயிலில் எனக்கு ஸ்டேஷன் பெயர்களைப் படிக்க வராது. ஏழாவது நிறுத்தத்தில் இறங்க வேண்டும் என்று விரல் மடக்கி எண்ணிக்கொண்டு போவேன். எல்லா ஸ்டேஷனிலும் நிற்காத வண்டியும் உண்டு என்று யாரும் சொல்லவில்லை. ஒருநாள் ஏழு எண்ணி இறங்கினால் ஊரே வேறு. அன்று முழுக்க நடந்தே அறைக்கு வந்தேன். இத்ரீஸ் கட்டிலில் புரண்டு புரண்டு சிரித்தான்.

ஞாயிற்றுக்கிழமை சாளை வாங்கிவருவான். ஒரு வாரம் அவன் மல்லித்தழையும் பூண்டும் சீரகமும் அரைத்து மீனுக்குள் வைத்துப் பொரிப்பான். மறுவாரம் நான் கிடைத்த புளிப்பைப் போட்டு எங்கள் ஊர் மீன்குழம்பு, புளிமுளம், வைப்பேன். மிளகாய் நெடிக்கு வீட்டுக்காரி கதவைத் தட்டுவாள். சாப்பிடும்போதெல்லாம் தன் தாயைப் பற்றிப் பேசுவான். எழுதப் படிக்கத் தெரியாதவள். ஆனால் ஊரில் ஒரு எழுத்துக்காரரை வைத்து மாதம் ஒரு கடிதம் போட்டுவிடுவாள்.

இரண்டாவது குளிர்காலத்தில் அவனுக்கு நெஞ்சில் சளி கட்டியது. மூச்சு வாங்கியது. தூக்காத குறையாகத் தர்ம ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். படியில் வைத்து என் சட்டையைப் பிடித்தான்.

“உன் பெயரைச் சொல். என் பெயரைச் சொல்லாதே.”

காரணம் இருந்தது. வந்து ஐந்து வருடத்துக்குள் தர்மத்துக்குப் படுக்கிறவனைச் சுமை என்று எழுதித் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று அவனுக்குப் பயம். எனக்கோ இழப்பதற்குக் காகிதமே கிடையாது. எழுந்து வந்ததும் சரிசெய்துகொள்ளலாம் என்றான். நான் குமாஸ்தாவிடம் ‘அசனார், இந்தியா’ என்று சொன்னேன். மூன்றாம் நாள் இத்ரீஸ் மௌத்தானான். நகரத்துப் பொது நிலத்தில், உறைந்த மண்ணை வெட்டி, அசனார் என்ற பெயரில் அவனை அடக்கினார்கள். இறந்தவனுக்கான ஜனாஸா தொழுகைக்கு நான் ஒருவன்தான் நின்றேன். எங்கள் ஊர் வழக்கப்படி கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். அறைக்கு வந்து பார்த்தால் மெத்தைக்கு அடியில் அவன் காகிதங்கள் இருந்தன.

நான் எடுத்துக்கொண்டேன். வேறு எப்படிச் சொன்னாலும் விஷயம் இதுதான்.

இத்ரீஸ் என்று சொல்லி ஒரு பெரிய ஓட்டலில் சேர்ந்தேன். வாசலில் ஒரு கடிகாரப் பெட்டி. ஒவ்வொருவருக்கும் பெயர் எழுதிய அட்டை. வரும்போதும் போகும்போதும் அட்டையைப் பெட்டிக்குள் விட்டு நேரம் குத்த வேண்டும். அந்த அட்டையை எடுக்கும்போது தினமும் கை கூசும். தலைமைச் சமையற்காரர் ஜெர்மன்காரர், கட்டை மீசை, கஞ்சி போட்ட தொப்பி. முதல் வாரம் “இத்ரீஸ்!” என்று கூப்பிட்டால் நான் திரும்பவே மாட்டேன். அது என் பெயர் என்று மனதுக்குத்தான் தெரியும், காதுக்குத் தெரியாதே. எனக்கு ஒரு காது மந்தம் என்று அவர் முடிவுகட்டிவிட்டார். அதற்குப் பிறகு இருந்த காலமெல்லாம் என் இடப்பக்கமாக வந்து, குனிந்து, காதோடு காதாக வேலை சொல்லுவார். மற்றவர்களை அப்படி மதித்து அவர் பேசி நான் பார்த்ததில்லை. திருத்திச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

அவர் ஒருநாளும் சத்தம் போட்டதில்லை. மரக்கரண்டியோடு அடுப்படி வரிசையில் நடப்பார். ருசி பார்ப்பார். நன்றாக இருந்தால் கரண்டியைத் தன்னோடு கொண்டுபோவார். சரியில்லை என்றால் பாத்திரத்தின் மூடிமேல் கவிழ்த்து வைத்துவிட்டு நடப்பார். அவ்வளவுதான். கவிழ்ந்த கரண்டியைப் பார்த்தால் மொத்தத்தையும் கொட்டிவிட்டு மறுபடி தொடங்க வேண்டும். எனக்கு முதலில் செம்புப் பாத்திரம் தேய்க்கிற வேலை. உப்பும் வினிகரும் மாவும் குழைத்துத் தேய்த்து, முகம் தெரிந்தால்தான் அடுக்கலாம். பிறகு காய்கறி. பிறகு சூப்பு. மாட்டெலும்பை வறுத்து, தண்ணீர் தளதளவென்று கொதிக்கவிடாமல் ஒரு பகல் முழுக்க அடுப்பில் வைத்து, கடைசியில் முட்டை வெள்ளையை அடித்து ஊற்ற வேண்டும். வெள்ளை மேலே திரளும்போது கலங்கலையெல்லாம் தன்னோடு பிடித்துக்கொண்டு வரும். நடுவில் கிளறிவிட்டால் எல்லாம் பாழ். பொறுமையாக ஓரத்தில் ஒரு துளை போட்டு, அதன் வழியாகத் தெளிந்ததை மட்டும் முகந்து துணியில் வடிக்க வேண்டும். அந்த வேலையில் நான் கெட்டிக்காரன் என்று பெயர் வாங்கினேன். அதாவது இத்ரீஸ் பெயர் வாங்கினான்.

அவனுக்கு வரும் கடிதங்கள் துறைமுகத்தில் ஒரு மொராக்கோக்காரரின் காப்பிக்கடை மேல்விலாசத்துக்கு வரும். நாலு மாதம் நான் அந்தத் தெருப்பக்கமே போகவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை மனது கேட்காமல் போனேன். பழைய கடைக்காரர் போய், வேறு ஊரிலிருந்து வந்த ஒரு ஹாஜி கடையை எடுத்திருந்தார். இத்ரீஸை அவர் பார்த்ததில்லை. நான்தான் இத்ரீஸ் என்றதும் நாலு கடிதம் என் கையில் தந்தார். மாடியில் ஜும்ஆ தொழுகை தொடங்கிவிட்டது என்று என்னையும் கூட்டிக்கொண்டு ஏறினார். பாயில் நின்று, கையைத் தூக்கித் தக்பீர் சொல்லி, நெஞ்சுக்குக் கீழே கட்டிக்கொண்டேன். ஓரக்கண்ணால் பார்த்தால் அந்த வரிசையில் ஒருவர் பாக்கியில்லாமல் கையைத் தொங்கவிட்டு நிற்கிறார்கள். அவர்கள் மாலிக்கி மத்ஹபு என்கிற சட்டப் பிரிவுக்காரர்கள், அவர்கள் வழி அது. ஒரு வருடம் ஒரே அறையில் இருந்தும் இத்ரீஸ் தொழுது நான் பார்த்ததில்லை. நாங்கள் இருவரும் அந்த வயதில் அப்படித்தான் இருந்தோம்.

தொழுகை முடிந்ததும் ஹாஜி என்னிடம் அரபியில் ஏதோ கேட்டார். எனக்குக் குர்ஆன் ஓதத் தெரியும், பொருள் தெரியாது. தலையை மட்டும் ஆட்டிவைத்தேன்.

அவர் இங்கிலீஷுக்கு மாறினார். “நீ யார்? இத்ரீஸ் எங்கே?”

சொன்னேன். சொல்லும்போது அழுதேன். ஹாஜி சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

“இன்றே அந்தத் தாய்க்கு எழுதுகிறேன்” என்றார்.

நான் அவர் காலைப் பிடிக்காத குறை. சேதி ஊருக்குப் போனால் காகிதம் செத்துப்போகும், என்னைப் பிடித்து அனுப்பிவிடுவார்கள், என் தங்கச்சிகள் இரண்டு பேரும் கல்யாணத்துக்கு நிற்கிறார்கள் என்று கெஞ்சினேன். அவர் கடிதங்களைப் பிரித்தார். எல்லாவற்றிலும் ஒரே வரி: இத்ரீஸே, ஏன் எழுதவில்லை?

“அவளை இப்படி விட முடியாது. அவன் செத்தான் என்று எழுத வேண்டும், இல்லையென்றால் நீ அவனாக இருந்து பதில் போட வேண்டும். பொய் உன் கழுத்தில், நான் வெறும் பேனா” என்றார்.

நான் பதில் போட்டேன். வேலை மாறியதால் எழுத முடியவில்லை என்று சொன்னேன். அதோடு ஏதாவது அனுப்ப வேண்டும் என்று தோன்றியது. வாப்பா போன நாளிலிருந்து என் உம்மா வெள்ளைத் துப்பட்டி தவிர வேறு உடுத்ததில்லை. எங்கள் ஊரில் வெளிநாடு போன மகன் விதவைத் தாய்க்கு முதலில் அனுப்புவது நல்ல வெள்ளைத் துணிதான். பெரிய கடையில் ஏறி இறங்கி, பால்போல ஒரு துணியை, தலைமுதல் கால்வரை போர்த்துகிற அளவுக்கு வாங்கினேன். ஹாஜியிடம் காட்டவில்லை. ஓட்டலில் கூட வேலை பார்த்த ஒருவரைக் கொண்டு விலாசம் எழுதி நானே தபாலில் போட்டேன். அன்று மனதுக்கு ஒரு நிம்மதி இருந்தது.

பதில் வந்தது. ஹாஜி படித்துச் சொன்னார். மகனே, துணி கிடைத்தது. நன்றாகச் சாப்பிடு. குளிரில் நெஞ்சை மூடிக்கொள். அல்லாஹ் உன்னைக் காப்பான்.

ஆறு வருடம் இப்படி ஓடியது. மாதம் ஒரு கடிதம் போகும், ஒரு கடிதம் வரும். அவள் பிறகு பெயரைச் சொல்லவே இல்லை, மகனே என்பதோடு சரி. எப்போது வருவாய் என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. அது எனக்கு வசதியாக இருந்தது; அதனால் ஏன் என்று யோசிக்கவில்லை. வெள்ளிக்கிழமைகளில் அந்த வரிசையில் நானும் கையைத் தொங்கவிட்டு நிற்கத் தொடங்கினேன். முதலில் பயத்தில் செய்தேன், பிறகு பழகிவிட்டது. தங்கச்சிகளுக்குக் கல்யாணம் ஆயிற்று. இரண்டு கல்யாணத்துக்கும் நான் இல்லை.

முப்பதுகளின் தொடக்கத்தில் அந்த ஊரில் எல்லாம் படுத்துவிட்டது. ரொட்டிக்கு வரிசை நின்றது. ஓட்டலில் பாதி அடுப்பை அணைத்தார்கள். தலைமைச் சமையற்காரர் ஒருநாள் என் இடப்பக்கமாக வந்து, குனிந்து, “இத்ரீஸ், நாளையிலிருந்து வேண்டாம்” என்றார். போகும்போது தன் மரக்கரண்டியை என் கையில் கொடுத்தார். அது இன்னும் வீட்டில் இருக்கிறது.

கிழக்கே போகிற கப்பலில் சமையல் வேலை கிடைத்தது. புறப்படுமுன் ஹாஜியிடம் போனேன். இத்ரீஸ் எந்தக் குளிர்காலத்தில், எப்படி இறந்தான், எந்தப் பெயரில் கிடக்கிறான், நான் யார், என் ஊர் எது என்று எல்லாவற்றையும் எழுதச் சொன்னேன். இனி எனக்குப் போக ஒன்றுமில்லை என்றான பிறகுதான் எனக்கு நேர்மை வந்தது. ஹாஜி எழுதி, மடித்து, என் கையாலேயே பெட்டியில் போடச் சொன்னார்.

குளச்சல் வந்து பல மாதம் கழித்து வெளிநாட்டு முத்திரையோடு ஒரு கடிதம் வந்தது. எங்கள் பள்ளிவாசல் லெப்பைக்கு அந்தக் கையெழுத்துப் பிடிபடவில்லை. கோட்டாற்றில் வடக்கே போய் மார்க்கக் கல்வி ஓதிவந்த ஒரு ஆலிம் இருந்தார். பஸ் ஏறிப் போனேன். கடைத்தெருவுக்குப் பின்னால் அவர் வீடு. அவரிடம் கதை முழுவதையும் சொன்னேன். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு கடிதத்தை வாங்கினார்.

“இதென்ன எளுத்து ஓய், புள்ளியெல்லாம் எடம் மாறிக் கெடக்கு. பைய வாசிக்கணும்.”

முதலில் தனக்குள் வாசித்தார். பாதியில் நிறுத்தி என்னைப் பார்த்தார்.

“நீரு அந்த உம்மாக்கு வெள்ளத் துணி அனுப்பினீரா?”

“அனுப்பினேன். என்ன தப்பு?”

“தப்புண்ணு அவ சொல்லல்ல. கேளும்.”

அவர் சொன்ன வார்த்தைகள் எனக்கு மனப்பாடம்.

“மகனே, உன் பெயரை இப்போதுதான் அறிந்தேன். ஆனால் நீ என் இத்ரீஸ் இல்லை என்பதை அந்த வெள்ளைத் துணி வந்த அன்றே அறிந்தேன். எங்கள் நாட்டில் கணவன் இறந்தவள் நான்கு மாதம் பத்து நாள் துக்கத்துக்கு வெள்ளை உடுத்துவாள். நாள் முடிந்ததும் கழற்றிவிடுவாள். சாவில்லாத வீட்டுக்கு வெள்ளை வராது. என் வீட்டில் வளர்ந்தவன் எனக்கு அதை அனுப்ப மாட்டான். அவன் பெயரில் எழுதுகிறவன் யார் என்று யோசித்தேன். கெட்டவன் என்றால் துணி எதற்கு அனுப்புகிறான்? அவனும் ஒரு தாயின் பிள்ளை, வழியில்லாமல் நிற்கிறான் என்று நினைத்தேன். நான் அழுதால் தெரு அறியும். தெரு அறிந்தால் துறைமுகம் அறியும். உன்னைப் பிடித்துவிடுவார்கள். அதனால் அழவில்லை. துணியைப் பெட்டியில் வைத்துப் பூட்டினேன். கேட்டவர்களிடம் இத்ரீஸ் நன்றாக இருக்கிறான் என்றேன். உண்மை சொன்ன உன் கடிதம் வந்த அன்று பெட்டியைத் திறந்தேன். உடுத்தினேன். பக்கத்து வீட்டுப் பெண்கள் வந்தார்கள். ஆறு வருடம் கழித்து என் பிள்ளைக்காகச் சத்தம் போட்டு அழுதேன். நீ உன் தாயிடம் போய்ச் சேர்ந்தாயே, அது போதும்.”

ஆலிம் கடிதத்தை மடித்துத் தந்தார். எனக்கு வாங்கக் கை வரவில்லை. அந்தப் பொய்யால் யாருக்கும் நஷ்டமில்லை, ஒரு கிழவிக்கு மாதம் ஒரு சந்தோஷம் என்றுதான் அதுவரை எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். என் பிழைப்புக்காக ஒரு தாய் ஆறு வருடம் அழாமல் இருந்திருக்கிறாள்.

“நான் என்ன செய்யணும்?” என்று கேட்டேன்.

“எனக்குத் தெரியாது ஓய்” என்றார் ஆலிம். அவர் கண்ணும் நனைந்திருந்தது. “கிதாபுல இதுக்கு ஒரு பாடம் நான் ஓதல்ல.”

வீட்டுக்கு வந்தபோது உம்மா வாசலில் நின்றாள், வெள்ளைத் துப்பட்டியோடு.

“யாருக்க கடுதாசி மக்கா?”

“ஒரு உம்மாக்க கடுதாசி.”

“எந்த உம்மா?”

அசர் தொழுகைக்குப் பாங்கு சொல்கிறது என்று சொல்லிப் பள்ளிக்கு நடந்தேன்.

ஊருக்கு வந்த நாள் முதல் நான் எங்கள் வழக்கப்படி கையைக் கட்டித்தான் தொழுதுகொண்டிருந்தேன். அன்று தக்பீர் சொல்லிக் கையைத் தூக்கினேன். கட்ட மனம் வரவில்லை, தொங்கவிட்டுவிட்டேன். அந்தப் பெரிய ஊரில் என் பெயரில் ஒரு குழி இருக்கிறது. அதில் கிடக்கிறவன் தொழுகைக்குத் திரும்புகிற வயது வருமுன்னே போனான். அவன் காகிதத்தில் நான் ஆறு வருடம் சாப்பிட்டேன். அவன் நின்றிருந்தால் எப்படி நின்றிருப்பானோ, அப்படி நிற்கிறேன்.

லீவில் வந்த தம்பி இதைப் படித்துவிட்டு இன்னும் என் கையைப் பிடித்துக் கட்டிவிட வேண்டும் என்று நினைத்தால் வரட்டும். தோளில் வலி ஒன்றும் இல்லை.